பதினோரு நாள் இருந்தவன்

என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். அறுபதைத் தாண்டி, எழுந்திருக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்கிறவர்களுக்காக. நாம் படித்த பள்ளிகளில் கரும்பலகையின் ஒரு மூலையில் தேதியும் இன்னொரு மூலையில் வருகைக் கணக்கும் எழுதியிருப்பார்கள், உங்களுக்கு நினைவிருக்கும். காஞ்சிபுரத்தில் நான் படித்த பள்ளியில் நடுவிலும் ஒன்று எழுதுவோம். ‘இந்நாளில்’ என்று தலைப்புப் போட்டு, சரித்திரத்தில் அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரே ஒரு வரி. பெரிய டீச்சரிடம் பழுப்புத்தாள் அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. வருஷத்தின் எல்லா நாளுக்கும் அதில் ஏதாவது உண்டு. அதைப் பார்த்துப் பலகையில் எழுதும் வேலை ஐந்தாம் வகுப்பில் எனக்கு வந்தது. கோடு போடாமலே என் எழுத்து நேராகப் போகும் என்பதுதான் காரணம். விரலில் சாக்பீஸ் தூளோடு வீட்டுக்குப் போவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

வீட்டில் வேறு நாட்கள் நடந்தன. அப்பாவை நாங்கள் நைனா என்போம். கூடத்துத் தறியில் பட்டு நெய்கிறவர். தெரு மடத்தில் நாயன்மார் பூசைகளை நடத்தும் பொறுப்பும் அவருடையது. நைனாவின் அக்கா, என் அத்தை, சின்ன வயதிலேயே புருஷனை இழந்து எங்களோடு இருந்தாள். அத்தைக்குத் தேதி தெரியாது, நட்சத்திரம் தெரியும். பங்குனியில் சதயம் என்றால் தண்டியடிகள், ரோகிணி என்றால் எங்கள் நெசவுக் குலத்து நேச நாயனார், சுவாதி என்றால் காரைக்கால் அம்மையார் என்று விரலை மடக்கிக்கொண்டே சொல்லுவாள். எதிர்வீட்டில் கவர்மெண்டு ஆஸ்பத்திரி நர்ஸம்மா குடியிருந்தார். அவர் வீட்டுச் சுவரில் மாதா படம் போட்ட காலண்டர். அதிலும் நாளுக்கு ஒரு புனிதர். இப்படி மூன்று விதமான நாட்களுக்கு நடுவே நான் வளர்ந்தேன். எல்லாமே பெரியவர்களுடைய நாட்கள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அந்த வருஷம் மாசியில் எனக்குத் தம்பி பிறந்தான். எனக்கும் அவனுக்கும் பத்து வயது வித்தியாசம். நடுவில் அம்மாவுக்கு எதுவும் தங்கவில்லை. அவனை நான் இரண்டு தடவை மடியில் வைத்திருந்தேன். வசம்பு வாசனை அடித்தான். கையில் வசம்பும் கருமணியும் கோத்த வளையல். என் சுண்டு விரலைப் பிடித்தால் எளிதில் விட மாட்டான். பதினோராம் நாள் புண்ணியதானம் என்று வீடு முழுக்கக் கழுவி விட்டிருந்தார்கள். சாயங்காலம் பெயர் வைப்பதாக ஏற்பாடு. காலையிலேயே அவன் பால் குடிக்கவில்லை. உதடு நீலமாக இருந்தது. நர்ஸம்மா டூட்டிக்குப் போயிருந்தார். யாரோ ஓடிப்போய்க் கூட்டிவருவதற்குள் முடிந்துவிட்டது.

அவ்வளவு சின்ன உயிருக்கு ஊர்வலம் இல்லை, மேளம் இல்லை. நைனா ஒரு புது வேட்டியைக் கிழித்துச் சுற்றி, தானே மார்போடு அணைத்துக்கொண்டு வேகவதிக் கரைக்குப் போனார். துணைக்கு ஒரே ஒரு பங்காளி, மண்வெட்டியோடு. அத்தை தூளியை அவிழ்த்தாள். விட்டத்தில் புடவை உரசிய இடம் மட்டும் வழவழப்பாகத் தெரிந்தது. மறுநாள் என்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு நோட்டில் இருந்தது உப்புக் காய்ச்சக் கடற்கரைக்கு நடைப்பயணம் கிளம்பிய நாள். எழுதினேன். எழுதி முடித்துக் கீழே இறங்கியபோது, நேற்று செத்துப்போனவனை எந்த நோட்டில் எழுதுவார்கள் என்று தோன்றியது.

அம்மா முதல் நாலைந்து நாள் பேசவே இல்லை. ரவிக்கை முன்பக்கம் பாலில் நனைந்து நனைந்து மொடமொடப்பாகக் காய்ந்திருக்கும். அத்தை மல்லிகைப்பூ வைத்துக் கட்டிவிட்டாள், பால் வற்றுவதற்கு. அப்புறம் ஒரு காலையில் அம்மா எழுந்து கூடத்துக்கு வந்து தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நெய்கிறவர் காலைத் தொங்கவிடும் பள்ளம் அது. குனிந்து காதை வைத்துக் கேட்டாள்.

“உள்ள அழுதுக்கினு இருக்குது. கேக்குதா ஒனக்கு?” என்றாள் என்னிடம்.

“இல்லம்மா.”

“நல்லாக் கேளு.”

நான் குனிந்து கேட்டேன். குழிக்குள்ளிருந்து ஈரமண் வாசனை வந்தது. வேறொன்றும் இல்லை. ஆனால் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, “ஆமாம்மா, கேக்குது” என்றேன். அது தப்பு என்று பிறகு தெரிந்தது. அதற்கப்புறம் அம்மா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. தூங்கவில்லை. கையில் அகப்பட்ட துணியை எல்லாம் சுருட்டி மூட்டையாக்கி மார்பில் வைத்துக்கொண்டாள். யாராவது கிட்டே வந்தால் பல்லைக் கடித்தாள்.

பங்குனி பிறந்து ஒரு வாரத்தில் சூசையப்பர் திருநாள் என்று நர்ஸம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு கிண்ணம் சேமியா பாயசம் கொடுத்தார். நான் பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றதைப் பார்த்து, “அம்மா எப்படி இருக்காங்க?” என்றார். குழி, அழுகை, மூட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நைனாவிடம் போனார்.

“இது பிரசவத்துக்கு அப்புறம் சில பேருக்கு வர்றதுதாங்க. இதுக்கு வைத்தியம் இருக்கு. மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரியில எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. நானே கூட வரேன்.”

“எந்த ஆஸ்பத்திரிக்கு?” என்றார் நைனா.

நர்ஸம்மா தயங்கிச் சொன்னார், மனநோய்க்கான ஆஸ்பத்திரி என்று.

நைனா எழுந்துவிட்டார். “எங்க ஊட்ல பைத்தியம் யாருக்கும் கெடையாதும்மா. போயிட்டு வாங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். கோபத்தில் நடுங்குகிறது என்று நினைத்தேன்.

அத்தை சொன்னாள், “சதயம் வரட்டும்டா. கண்ணு தெரியாத தண்டியடிகளுக்கே கண்ணு குடுத்த சாமி, இவளுக்குப் புத்திய குடுக்க மாட்டாரா?” சதயத்தன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்தாள். சாயங்காலம் ஏகாம்பரநாதர் கோயில் விபூதியை அம்மா நெற்றியில் பூசினாள். அம்மா அவள் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வந்தது. அத்தை கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றாள் என்பதையும் சொல்ல வேண்டும். அவள் கெட்டவள் இல்லை.

மூன்று இளைஞர்களைத் தூக்கிலிட்ட நாள் என்று நான் பலகையில் எழுதிய அன்றுதான் அது நடந்தது. மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தால் வாசலில் தெருவே நின்றுகொண்டிருந்தது. உள்ளே தறியில் ஏற்றியிருந்த பாவு முழுவதையும் அம்மா அரிவாள்மனையால் அறுத்துப் போட்டிருந்தாள். ஆயிரக்கணக்கான அரக்கு நிற இழைகள், நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருந்தவை, கூடம் முழுக்கத் தலைமுடி மாதிரி கிடந்தன. நடுவில் அம்மா. விரலெல்லாம் வெட்டு.

“புள்ள நூல்ல மாட்டிக்கிச்சு. அவுத்து உட்டேன்” என்றாள். ரொம்பத் தெளிவாக, சந்தோஷமாகக்கூட.

நைனா அவளை அடிக்கவில்லை. நூலின் மேலேயே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். தெருக்காரர்கள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஏதோ முடிவுக்கு வந்திருக்க வேண்டும். மறுநாள் அத்தை தென்னேரிப் பக்கத்திலிருந்து ஒரு பூசாரியைக் கூட்டிவந்தபோது தடுக்கவில்லை.

பூசாரி ஒல்லியான மனிதர். சாந்தமாகப் பேசினார். எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. வேப்பிலைக் கொத்தால் அம்மாவை அடித்தார். “ஆத்தங்கரையில பொதைச்சீங்க இல்ல, அங்கயிருந்துதான் வந்திருக்குது” என்றார். நைனா தலை குனிந்தார், குழந்தையைப் புதைத்ததில் தன் தப்பு இருக்கிறது என்று நம்பியவர் போல. அன்றிலிருந்து அம்மாவைத் தறிக்காலில் கட்டி வைத்தார்கள். பாவு இழுத்துக் கட்டும் கயிற்றால்தான் கட்டினார்கள். சாப்பாட்டை நான் ஊட்டினேன். என்னைக் கடிக்கவில்லை அவள். சில சமயம் என்னை யாரென்று பார்ப்பாள், சில சமயம், “பாப்பா, ஸ்கூல்ல இன்னிக்கு இன்னா எழுதுன?” என்பாள். ஒரு நொடிதான். நான் பதில் சொல்வதற்குள் போய்விடுவாள்.

ரோகிணி வந்தது. நேச நாயனார் நெசவாளி. நாவில் ஐந்தெழுத்தும் கையில் தறியுமாக இருந்து, நெய்த துணியை எல்லாம் அடியார்களுக்கே கொடுத்தவர் என்பார்கள். எங்கள் தெருவுக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. மடத்தில் பூசை, அப்புறம் எல்லாருக்கும் சாப்பாடு. வருஷா வருஷம் சர்க்கரைப் பொங்கல் கிண்டுவது அம்மாதான். அந்த வருஷம் வேறு யாரோ கிண்டி அடிப்பிடித்திருந்தது. நைனா பந்தியில் சாம்பார் வாளியோடு போய்க்கொண்டிருந்தார். வெளித்தெரு ஆள் ஒருவர், “ஊட்டுக்காரம்மா எங்க, காணோம்?” என்று கேட்டார்.

“அவங்கம்மா ஊட்டுக்குப் போயிருக்குதுண்ணா” என்றார் நைனா. சிரித்துக்கொண்டே சொன்னார். பக்கத்து இலையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெருக்காரர்கள் எல்லாரும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இருபது வீடு தள்ளி அம்மா கட்டிக் கிடப்பது அவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

பூசைத் தீர்த்தத்தைக் கொண்டுபோய் அம்மா முகத்தில் அடித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. பூசாரி சொன்னார்: உத்திரம் கழியட்டும். திருமுக்கூடல் தாண்டி ஆற்றோரம் தனக்கு ஒரு கொட்டகை இருக்கிறது. அங்கே இன்னும் நாலு பேர் இப்படி இருக்கிறார்கள். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் கட்டி வைத்தால் தீர்ந்துவிடும். சொந்தக்காரர்கள் யாரும் பார்க்க வரக்கூடாது.

அந்த வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. மார்பு கல் மாதிரி வீங்கியிருந்தது. நான் நர்ஸம்மாவிடம் ஓடினேன். நைனா மடத்திலும் அத்தை கோயிலிலும் இருந்த நேரமாகப் பார்த்து அவர் வந்தார். பால் கட்டிச் சீழ் வைக்கப்போகிறது என்றார். மாத்திரை கொடுத்தார். வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பெண்ணிடம் சொல்லக்கூடாததைச் சொன்னார். வேறு யாரிடமும் சொல்ல வழியில்லாமல்தான் சொல்லியிருக்க வேண்டும்.

“அந்தக் கொட்டகைக்கு அனுப்பினா அம்மா திரும்பி வர மாட்டாங்க பாப்பா. எப்படியாவது உங்க நைனாகிட்டச் சொல்லு.”

சொன்னேன். காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். “ஒனக்கு இன்னா தெரியும், போயி வெளையாடு” என்றார். அத்தையிடம் சொன்னேன். “அந்த நர்ஸு சொல்லிக்குடுத்துச்சா?” என்றாள். பெரிய டீச்சரிடம் சொன்னேன். அவர் என் கன்னத்தைத் தடவி, “வீட்டு விஷயத்தில நான் எப்படிம்மா தலையிடுவேன்” என்றார். உத்திரத்துக்கு ஐந்து நாள் இருந்தது. ஒரு பத்து வயதுப் பெண் சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள் என்பது எனக்கு அன்று முழுசாகப் புரிந்தது. நைனாவும் அத்தையும் யார் சொன்னால் கேட்பார்கள் என்று யோசித்தேன். ஒரே பதில்தான் வந்தது.

ஆடியில் கூழ் ஊற்றும்போது பெண்களுக்குச் சாமி வருவதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் கொட்டாவி விடுவார்கள். பிறகு உடம்பு விறைக்கும். கண் மேலே செருகும். தோட்டத்துத் துவைகல்லுக்குப் பின்னால் நின்று இரண்டு நாள் பழகினேன். தலையை அவிழ்த்து ஆட்டினால் கழுத்து வலித்தது. என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பலகை வரி மாதிரி மனப்பாடம் செய்தேன்.

அறுபத்து மூவர் புறப்பாடு காலையில். உங்களில் காஞ்சிபுரத்துக்காரர்கள் இருந்தால் சொல்ல வேண்டியதில்லை. அறுபத்து மூன்று நாயன்மார்களும் வரிசையாகத் தோளில் வருவார்கள். கைகூப்பி நிற்கிற சின்னச் சின்ன விக்கிரகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலை. சங்கும் மேளமும் காதை அடைக்கும். நேச நாயனார் எங்கள் பக்கம் வரும்போது தெருவின் சார்பில் நைனா பட்டுத் துணி சாத்துவார். தார் ரோடு வெறுங்காலைச் சுட்டது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நைனா துணித்தட்டோடு முன்னால் போன அந்த நேரத்தில் நான் கையை உதறினேன்.

ரிப்பனைப் பிய்த்து எறிந்தேன். கத்தினேன். என் குரல்தான், ஆனால் எனக்கே தெரியாத இடத்திலிருந்து வந்தது. மேளம் நின்றது. சுற்றிலும் வட்டமாக இடம் விட்டார்கள். யாரோ என் தலையில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள்.

அத்தை கைகூப்பினாள். “யாரும்மா தாயே, யாரு வந்திருக்கறது?”

“இந்த ஊருக்காரிதான்டி. ஊருக்கே தாயி” என்றேன். அத்தையை ‘டி’ போட்டுப் பேசிய என் வாயை நினைத்து இப்போதும் உடம்பு கூசுகிறது. “புள்ளைய வாரிக் குடுத்தவளக் கவுத்துல கட்டி வச்சிருக்கியே, வயிறு எரியுதுடி எனக்கு.”

நைனா தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

“அவுத்து உடு. பட்டணத்துக்கு இட்டுனு போ. வெள்ளைத் துணி கட்டுனவ ஒருத்தி எதிர்ல இருக்கறா, அவகூட அனுப்பு. ஆத்தங்கரைக்கு அனுப்பினா உன் ஊட்ல வெளக்கு எரியாது.”

மனப்பாடம் செய்தது அவ்வளவுதான். முடிந்துவிட்டது. இனி மயங்கி விழ வேண்டும் என்பது என் திட்டம். அதற்குள் அத்தையின் முகம் மாறியது. அவள் புத்திசாலி. வெள்ளைத் துணி என்ற வார்த்தையில் அவளுக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

“தாயேன்னா சத்தியம் குடு” என்றாள். பக்கத்திலிருந்த தட்டிலிருந்து கற்பூரத்தை எடுத்தாள். கட்டைவிரல் தடிமன் இருக்கும். என் வலது உள்ளங்கையை விரித்து அதில் வைத்தாள். பற்ற வைத்தாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. கையை மூடினால் அம்மா போய்விடுவாள் என்ற ஒன்றைத் தவிர வேறு நினைப்பு இல்லை எனக்கு. எதிரே ஒரு நாயனார் தோளில் நின்றுகொண்டிருந்தார், எந்த நாயனார் என்று தெரியாது. அவர் கூப்பிய கையையே பார்த்தேன். ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்து எங்கேயோ விட்டுவிட்டேன். தோல் கருகுகிற வாசனை வந்தது. பூவும் சாம்பிராணியும் கலந்திருந்த அந்த வாசனை நடுவே அது தனியாகத் தெரிந்தது. நான் கத்தவில்லை. கற்பூரம் தானாக அணையும்வரை கை விரிந்தே இருந்தது.

நைனா தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பத்து வயது மகளின் காலில், நடுரோட்டில். “தப்புப் பண்ணிட்டேன் தாயே” என்று அழுதார். அப்புறம்தான் நான் விழுந்தேன். அது நடிப்பில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் அம்மாவை ஏற்றினார்கள். நைனா, நர்ஸம்மா, நான். பூசாரிக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா ஜன்னலோரம் மூட்டையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். வாலாஜாபாத் தாண்டியதும் நர்ஸம்மா என் கைக்கட்டைப் பிரித்து, மருந்து போட்டு, புதுத்துணி சுற்றினார். நைனா முன் சீட்டில் இருந்தார்.

“சாமி வந்தா வலிக்காதுன்னு சொல்வாங்க. உனக்கு வலிச்சுதா?” என்று நர்ஸம்மா மெதுவாகக் கேட்டார்.

நான் முன் சீட்டில் தெரிந்த நைனாவின் பின்தலையைப் பார்த்தேன். அவர் கட்டை முடிச்சிட்டு, என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். அவருடைய கண்ணீர் என் காதில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் அம்மாவை உள்ளே வைத்துக்கொண்டார்கள். நைனா வாசலிலேயே, மரத்தடியில், நாள் கணக்கில் கிடந்தார். என்னை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். உத்திரத் திருக்கல்யாணம் நடந்தது, நான் போகவில்லை. சுவாதியன்று தெருப்பெண்கள் எலுமிச்சம்பழத்தோடு வந்து என் முன்னால் உட்கார்ந்து குறி கேட்டார்கள். ஒருத்திக்குப் பிள்ளை இல்லை. ஒருத்திக்குப் புருஷன் குடி. நான் வாயைத் திறக்கவில்லை. அத்தை அவர்களைப் போகச் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டு என் கட்டுப் போட்ட கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதா, இல்லையா? கடைசிவரை நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பள்ளியில் பலகை எழுதும் வேலை வேறொருத்திக்குப் போயிருந்தது. பங்குனியின் கடைசி நாள், பஞ்சாபில் மதிலுக்குள் அடைபட்டவர்களைச் சுட்டுக் கொன்ற நாள். அவள் கோணல் மாணலாக எழுதினாள். அதைப் படித்துவிட்டு நான் வகுப்பில் விம்மி அழுதேன். நாட்டுப்பற்று என்று நினைத்துப் பெரிய டீச்சர் எல்லாரையும் கைதட்டச் சொன்னார்.

அம்மா சித்திரை கடைசியில் திரும்பி வந்தாள். நடந்து வந்தாள், நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு. முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். “பாப்பா, இளைச்சுட்டியே” என்றாள் என்னிடம். தறிக்குழியைச் சாதாரணமாகத் தாண்டிப் போனாள். சமையலறையில் உப்பு எங்கே என்று கேட்டாள். நான் தோட்டத்துக்கு ஓடி வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், சந்தோஷத்தில்.

இரண்டு மூன்று நாளில்தான் புரிந்தது. முந்தின வருஷத்துச் சித்திரை வரைக்கும் அம்மாவுக்கு மங்கலாக நினைவிருந்தது. அதற்குப் பிறகு இல்லை. தலையில் கரண்ட் வைத்த சிகிச்சையில் சில பேருக்கு அப்படி ஆகும், நாளாக நாளாக வரலாம் என்று டாக்டர் சொன்னாராம். வயிற்றில் பிள்ளை இருந்ததே அவளுக்குத் தெரியவில்லை. நைனா என்னையும் அத்தையையும் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்.

“அந்தப் பேச்சு இனிமே இந்த ஊட்ல வரக்கூடாது. நெனைப்பு வந்தா மறுபடியும் போயிடுவா. யாராவது கேட்டா, விஷக் காய்ச்சல்னு சொல்லுங்க.”

தெரு முழுக்க அதைக் கடைப்பிடித்தது. கட்டிக் கிடந்தபோது வாய் மூடியிருந்த தெரு, இதற்கும் மூடியிருந்தது. எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் அம்மா, “இவ ஒருத்திதான்” என்பாள். அப்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன். அவள் உயிரை மீட்டுக் கொண்டுவந்தவள் நான்தான் என்று சில நாள் நினைப்பேன். அவள் பிள்ளையை அவளிடமிருந்து பறித்தவளும் நான்தான் என்று சில நாள் நினைப்பேன். இரண்டாவது நினைப்பு வருகிற நாட்கள்தான் அதிகம்.

நைனாவுக்கு ஒரு தம்பி இருந்தார் என்பதே எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரியும். அத்தை படுத்த படுக்கையாக இருந்தபோது சொன்னாள். அந்தச் சித்தப்பாவுக்கு இருபது வயதில் புத்தி பிசகியதாம். நைனாதான் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டாராம். ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனால், தப்பித்து ஓடிவிட்டார் என்றார்களாம். அப்புறம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அன்றைக்கு நர்ஸம்மா முன்னால் நைனாவின் கை நடுங்கியது கோபத்தில் இல்லை. இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் அத்தனை வருஷம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்க மாட்டேன். அப்போது அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

நர்ஸம்மா மாற்றலாகிப் போனார், பிறகு தகவல் இல்லை. மண்வெட்டியோடு போன பங்காளியும் இல்லை. ஆற்றங்கரையில் எந்த இடம் என்று காட்டக்கூட ஆள் இல்லை, அங்கே இப்போது வீடுகள்.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். எண்பத்தேழு வயது. காது சரியாகக் கேட்காது, புத்தி கத்தி மாதிரி. போன பங்குனியில் ஒரு காலை, அவளுக்கு முதுகு தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். வெந்நீர் ஆவியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், திரும்பாமலே கேட்டாள்.

“எனக்கு நீ ஒருத்திதானா?”

என் கை நின்றுவிட்டது. “ஏம்மா, யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“யாரும் சொல்லலை. ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்துது. உங்க நைனா இருந்தவரைக்கும் கேக்க பயம். இந்த மாசம் வந்தா மாரு கனக்குது எனக்கு. வருஷா வருஷம். ஒருத்திதானா?”

டாக்டர் சொன்னதும் நைனா சொன்னதும் எல்லாம் ஒரு கணம் முன்னால் வந்து நின்றன. அவளுடைய முதுகெலும்பு கணுக்கணுவாகத் தெரிந்தது. இந்த உடம்பிடம் இன்னும் எத்தனை நாள் பொய் சொல்வது?

“இல்லம்மா” என்றேன். “இன்னொருத்தன் பொறந்தான். பதினோரு நாள் இருந்தான்.”

அவள் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், யாரோ சரியான விலாசத்தைச் சொன்னது போல.

“பேர் இன்னா வச்சோம்?”

“அன்னிக்குத்தான் வைக்க இருந்தோம்மா. அதுக்குள்ள.”

“பால் குடிச்சானா?”

“நல்லாக் குடிச்சான். என் விரலப் புடிச்சா விட மாட்டான்.”

வெந்நீரை மொண்டு அவள் தோளில் ஊற்றினேன்.

“யாரு மாதிரி இருந்தான்?”

நான் யோசித்தேன். வசம்பு வாசனை வந்தது. கருமணி வளையல் வந்தது. நீல உதடு வந்தது. முகம் வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது நாங்கள் இருவர்தான். அவளுக்கு எதுவுமே நினைவில்லை. எனக்கு முகம் மட்டும் இல்லை.

“ஒன்ன மாதிரிதாம்மா” என்றேன்.

“மூக்குமா?”

“மூக்கும்தான்.”

அம்மா ஈரக்கையைத் தூக்கித் தன் மூக்கைத் தொட்டாள். நுனியிலிருந்து மேலே, மெதுவாக, இரண்டு விரலால் தடவினாள். பிறகு கன்னத்தை. பிறகு நெற்றியை. வெந்நீர் ஆறிப்போய்க்கொண்டிருந்தது. அவள் தன் முகத்தை விட்டுக் கையை எடுக்கவில்லை.